பத்தொன்பதாம் அட்டை

இதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நேசமலர் பேய், பிசாசு என்று கதை கட்டுகிற ஆள் இல்லை. கொம்பியூட்டர் படித்தவள். கோயில் ஐயர் சொன்னாலும் ஆதாரம் கேட்பாள். இந்தக் கதையில் வருகிற நேரங்களைக்கூட அவள் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. அன்று இயந்திரம் தானே எழுதி வைத்த பதிவைப் பார்த்துத்தான் சொன்னாள். அதன் பிரதி இப்போதும் அவளிடம் இருக்கிறது. ஒருதரம் எனக்குக் காட்டினாள். இன்னொருதரம் காட்டு என்று நான் கேட்கவில்லை.

2007ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதத்துப் போயா நாள், பௌர்ணமி விடுமுறை. இடம் வெள்ளவத்தை, காலி வீதியில் ஒரு மூன்றாம் மாடி. தாஸிம் நானாவின் பயண முகவர் நிலையம் அங்கேதான் இருந்தது. சண்டையில் யாழ்ப்பாணப் பாதை பூட்டி ஒரு வருடம் கழிந்துவிட்டது. ஊருக்குப் போவதென்றால் விமானம். விமானத்தில் ஏற அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தவர்களின் பெயர்களை லிஸ்ட் ஆக்கி, பறப்பதற்கு முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்குள் அனுமதி அலுவலகத்துக்கு ஃபக்ஸ் பண்ண வேண்டும். நாலு மணி தாண்டினால் லிஸ்ட் செல்லாது. அதிலுள்ள அத்தனை பேரும் திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த ஆசனத்துக்கு ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம்.

அன்றைய லிஸ்டில் நாற்பத்துநாலு பேர். முப்பத்தோராவது பெயர் சரோஜினிதேவி தில்லைநாதன். நேசமலரின் அம்மா. கண் ஒபரேஷனுக்கென்று கொழும்புக்கு வந்தவர், பாதை பூட்டியதால் மகளின் வாடகை அனெக்ஸ் அறையில் அகப்பட்டுப் போனார். போன மாதம் ஊரில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. டொக்டர், பார்க்கிற ஆட்கள் வந்து பாருங்கோ என்று சொல்லிவிட்டார். ஆறு கிழமை அப்பா தாங்கமாட்டார் என்பது நேசமலருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

காலை 10.20க்கு அவள் ஒபிஸுக்கு வந்தாள். போயா என்பதால் கட்டடத்தில் ஈ காக்கை இல்லை. கீழே வாசலில் காவலாளி மட்டும் வானொலியில் பண, புத்த பிக்குவின் பிரசங்கம், கேட்டுக்கொண்டிருந்தான். கால் மணித்தியால வேலை. லிஸ்டைத் திறப்பது, அச்சடிப்பது, ஃபக்ஸ் பண்ணுவது. பிறகு வீட்டுக்குப் போய் அம்மாவின் பெட்டியைக் கட்டுவது. அப்படித்தான் நினைத்தாள்.

லிஸ்டைத் திறந்தாள்.

பெர்மிஷன் டினைட்.

அனுமதி மறுக்கப்பட்டது. திரும்பத் திறந்தாள். மறுக்கப்பட்டது. ரூட் என்ற பெயரில், அதாவது அந்த இயந்திரத்துக்கே எசமான் என்ற அதிகாரத்தோடு உள்ளே போய்த் திறந்தாள். எசமானுக்கும் மறுக்கப்பட்டது.

காரணம் அவளுக்கு உடனே விளங்கியது. விளங்கியதும் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். அந்த லினக்ஸ் சேர்வரில் ஒரு கடுங்காவல் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டு. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு சீட்டு. எந்தச் சீட்டு எந்தச் சீட்டைத் தொடலாம் என்று உள்ளே விதிகள் இருக்கும். விதி இல்லையென்றால் ஆராக இருந்தாலும் வெளியேதான். அடையாள அட்டை சரி, முகமும் சரி, ஆனால் பொலிஸ் பதிவுத் துண்டில் விலாசம் வேறு என்றால் சோதனைச்சாவடியில் என்ன நடக்குமோ அதேதான். முதல்நாள் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று இவள் லிஸ்ட் கோப்புகளையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தாள். மாற்றும்போது சீட்டுகள் மாறிப் போயின. தானே செய்த வேலை. ஆரைத் திட்டுவது?

காவலை முழுதாக இறக்கிவிட ஒரே ஒரு கட்டளை போதும். ஆனால் இறக்கினால், இறக்கிய நேரம் பதிவில் விழும். பதிவை அனுமதி அலுவலகம் எந்த நேரமும் கேட்டுப் பார்க்கும். பயணிகளின் விபரம் வைத்திருக்கிற இயந்திரத்தில் காவல் ஒரு நிமிடமும் இறங்கக்கூடாது என்பது நிபந்தனை. இறங்கினால் தாஸிம் நானாவின் உரிமம் போகும், லிஸ்டும் போகும்.

ஆகவே ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினாள். கோப்பின் சீட்டைச் சரிசெய்தாள். திறந்தது. அப்பாடா என்று அச்சடிக்கக் கொடுத்தால், எழுத்துருக் கோப்புறைக்கு அனுமதி இல்லை. அதையும் சரிசெய்தாள். இப்போது தற்காலிகக் கோப்பு எழுத அனுமதி இல்லை. சரிசெய்தாள். அச்சு இயந்திரத்தோடு பேச அனுமதி இல்லை. ஒரு கதவைத் திறந்தால் பின்னால் இன்னொரு கதவு. 12.30 ஆயிற்று. 1.40 ஆயிற்று. சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்தது. காவலைப் போட்ட கம்பனி என்ஜினியருக்குப் போன் பண்ணினாள். அவன் போயாவுக்கு ஊருக்குப் போய் போனை நிறுத்தி வைத்திருந்தான். அவனுடைய பரம்பரையையே ஒருமுறை வாய்க்குள் விசாரித்துவிட்டு வைத்தாள்.

2.10க்கு அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, முடிஞ்சுதோ?"

"இல்லையம்மா. இப்ப முடிஞ்சிடும்."

"அப்பாவுக்கு வேட்டி ரெண்டு வாங்கினனான். பெட்டிக்குள்ளை வைக்கட்டோ?"

"வையுங்கோ."

குரல் உடையாமல் அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் பட்ட பாடு பெரிய பாடு.

3.05. இன்னும் அச்சாகவில்லை. கோபத்தில் கண்ணே இருண்டது. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும், செய்யக்கூடாது என்று. களைத்து வெறுத்துப் போகிற நாளில் எல்லோரும் செய்வதும் அதுதான்.

ஒரு கருவி இருக்கிறது. பதிவை அதற்குக் கொடுத்தால், ஆர் ஆருக்கு எது எது மறுக்கப்பட்டதோ அத்தனைக்கும் அனுமதி விதி எழுதிக் கொடுத்துவிடும். அன்றைய பதிவை மட்டும் வெட்டிக் கொடுக்க வேண்டும். எழுதிய விதிகளை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். நேசமலருக்கு வெட்டவும் நேரமில்லை, வாசிக்கவும் நேரமில்லை. காவல் போட்ட நாளிலிருந்து இருந்த முழுப் பதிவையும் தூக்கிக் கொடுத்தாள்.

திரையில் வரிகள் ஓடின. ஓட்டத்தில் ஒரு வரி மட்டும் அடிக்கடி கண்ணில் பட்டது. ஒபிஸ் கதவை நடத்துகிற நிரல். வாசலில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்குமே, அது. பத்தொன்பதாம் இலக்க அட்டைக்காரரின் கோப்பை வாசிக்கக் கேட்டிருந்தது. மறுக்கப்பட்டிருந்தது. அடுத்த நாளும் கேட்டிருந்தது. அதற்கடுத்த நாளும். ஜனவரி மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல். எல்லாம் ஒரே நேரம்.

பின்னேரம் 3.17.

அவள் வேலைக்குச் சேர்ந்தது மார்ச்சில். பத்தொன்பதாம் அட்டை ஆரிடம் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் அட்டையைக் காட்டுகிற கதவுப் பெட்டி பின்னேரங்களில் தானாக ஒருதரம் கத்தும். பழுது என்று ஒபிஸில் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அந்தப் பழுதுதான் இது என்று நினைத்தாள்.

"போய்த் தொலையுங்கோ... எல்லாரும் உள்ளை வாங்கோ," என்று வாய்விட்டே சொன்னாள்.

என்ரர் விசையைத் தட்டினாள். 3.11.

விதிகள் ஏற்றப்பட்டன. அவள் லிஸ்டைத் திறந்தாள். திறந்தது. அச்சுக் கட்டளை கொடுத்தாள். அச்சு இயந்திரம் உறுமியது, சூடாகத் தொடங்கியது. அப்பாடா. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினாள்.

பீப்.

வாசல் கதவுப் பெட்டி. ஆனால் தினமும் கத்துகிற கத்தல் இல்லை. ஒரே ஒரு சின்னச் சத்தம். அட்டையை ஏற்றுக்கொண்டால் வருகிற சத்தம்.

டிக்.

பூட்டு விலகியது.

"தாஸிம் நானாவோ?" என்றாள்.

எட்டிப் பார்த்தாள். கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டிருந்தது. வெளியே படிக்கட்டு. ஆருமில்லை. கதவு மெல்ல மூடத் தொடங்கியது. பாதியில் நின்றது. ஓராள் உள்ளே வந்து, பின்கையால் கதவைப் பிடித்து, அடித்துச் சாத்தாமல் விடுவாரே... அவ்வளவு நேரம் நின்றது. பிறகு சாத்திக்கொண்டது.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். 3.17.

காவலாளிக்குப் போன் பண்ணினாள். ஆரும் மேலே வந்தார்களா?

"கவுருத் ஆவே நே, மிஸ்." ஒருவரும் வரவில்லை.

காற்றாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காற்றிடம் அட்டை இருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அச்சு இயந்திரம் நின்றுபோயிருந்தது. திரையில் ஒரு செய்தி. லிஸ்டை இன்னொருவர் திறந்து திருத்திக்கொண்டிருக்கிறார், பொறுங்கள்.

இன்னொருவரா?

எந்த இயந்திரத்திலிருந்து என்று பார்த்தாள். ஜன்னலோரத்து மேசை. ஆரும் பாவிக்காத மேசை. அதன் கொம்பியூட்டரைத் தூசி படாமல் பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்திருப்பார்கள்.

திரும்பிப் பார்த்தாள்.

உறை எடுக்கப்பட்டிருந்தது. நாலாக மடித்து மேசையின் ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது. கதிரை பின்னுக்கு இழுபட்டிருந்தது... ஓராள் இருக்கிற அளவுக்கு.

டக்... டக்... டக்.

ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிற சத்தம்.

பின்பக்கம் கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போனது. அது போய் முடியும் வரை அவள் அசையவில்லை. ரயில் சத்தம் ஓய்ந்தபோது எழுத்துச் சத்தமும் ஓய்ந்திருந்தது.

3.41.

லிஸ்ட் திரும்பத் திறந்தது. எண்ணிக்கையைப் பார்த்தாள். நாற்பத்தைந்து.

கடைசி வரியில் ஒரு பெயர். க. யோகரூபன்.

பயத்தை விடக் கோபந்தான் முந்தியது. அனுமதி இல்லாத ஒரு பெயர் இருந்தாலும் முழு லிஸ்டையும் தூக்கி எறிவார்கள். அம்மாவின் பெயரும் சேர்ந்து போகும். அந்த வரியை அழித்தாள்.

பெர்மிஷன் டினைட்.

திரும்ப அழித்தாள். மறுக்கப்பட்டது. ரூட்டாகப் போய் அழித்தாள். மறுக்கப்பட்டது. 3.46... 3.49... கண்ணீர் வந்தது. மேசையில் ஓங்கி அடித்தாள்.

"எனக்கு அம்மாவை அனுப்பவேணும்!" ஜன்னல் பக்கம் பார்த்துக் கத்தினாள். "அப்பா சாகக் கிடக்கிறார். உமக்கு என்ன வேணுமெண்டு எனக்குத் தெரியாது. என்ரை லிஸ்டை விடும்!"

பிறகு...

அச்சு இயந்திரம் தானாக இயங்கியது. காலையிலிருந்து ஒரு தாள் தராத இயந்திரம். மூன்று தாள். சுத்தமாக.

நாற்பத்தைந்து பெயர்.

பேனாவால் வெட்டினால் லிஸ்ட் செல்லாது. வெள்ளைக் கடதாசித் துண்டொன்றைக் கிழித்துக் கடைசி வரியின் மேல் ஒட்டினாள். ஃபக்ஸில் வைத்தாள். 3.56க்குப் போனது. 3.58க்குத் தொலைபேசி அடித்தது. அனுமதி அலுவலகம்.

"ஹதலிஸ் பஹக் நே, மிஸ்?"

நாற்பத்தைந்து பேர்தானே, மிஸ்?

ஒட்டிய துண்டு ஒட்டியபடியே இருந்தது. மூலத்தாளைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாற்பத்துநாலு என்று சிங்களத்தில் சொல்லப் பார்த்தாள். அந்த மனிதன் அதற்குள் வாசித்துக்கொண்டு போனான். எல்லாம் சரி. கடைசி ஆளுக்கு ஜனவரியிலேயே அனுமதி கொடுத்தாயிற்று. இவ்வளவு நாளும் ஏன் போகவில்லை?

போனை வைத்தாள்.

ஜன்னல் மேசையில் கதிரை உள்ளே தள்ளப்பட்டிருந்தது.

கைப்பையை எடுத்துக்கொண்டு படிகளில் ஓடினாள்.

அடுத்த நாள் விடிய அம்மா போனார். ரத்மலானை விமான நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தாள். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஒபிஸ் திறந்ததும் நேரே தாஸிம் நானாவின் அறைக்குப் போனாள்.

"நானா, பத்தொன்பதாம் நம்பர் கார்ட் ஆரிட்டை?"

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏன் புள்ள கேக்கிற?"

அவள் சொன்னாள். அவர் மேசை லாச்சியின் பூட்டைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தார். உறைக்குள் அட்டை. விளிம்பு உப்புப் பூத்திருந்தது. 19.

யோகரூபன் அவளுக்கு முதல் அதே வேலை பார்த்தவன். ஜனவரியில் அவனுக்கு ஊருக்குப் போக அனுமதி கிடைத்தது. லீவு எடுத்தான். அனுமதிக் கடிதத்தை ஜன்னலோரத்து மேசையில் மறந்து விட்டுவிட்டு, எடுக்க வந்திருக்கிறான். அன்றும் போயா.

"அண்டைக்குக் காலையிலதான் அந்தக் காவல் போட்ட. லீவுக்காரங்கட ஃபைல எல்லாம் மூடச் சொல்லி நான்தான் சென்ன," என்றார் தாஸிம் நானா. "நான் உள் அறையில தொழுதிட்டு ஈந்த. கதவுப் பெட்டி கத்துது... கத்துது... கத்திட்டே ஈக்குது. தொழுகைய விட்டுட்டு எழும்ப ஏலுமா? முடிச்சிட்டு வந்து தொறந்தா ஒருத்தருமில்ல. படியில ஒத்தச் செருப்பு. கீழ ஒரு வெள்ள வேன் வந்து நிண்டதாம், அவன ஏத்திட்டுப் போனதாம்."

பதினோராம் நாள் கடற்கரையில் பிணமாகக் கிடைத்தான். சட்டைப் பைக்குள் இந்த அட்டை இருந்தது.

"நானா... அவர் எந்த ஊர்?"

"மயிலிட்டி. ஆமிக்காரங்க புடிச்சு வெச்சிருக்கிற ஏரியா. அந்தப் பக்கம் ஒரு குருவியையும் உள்ள விடுற இல்லயாம்."

நேசமலர் அன்று பின்னேரம் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். 3.17. பெட்டி கத்தவில்லை. பதிவில் வரி விழவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. போக வேண்டிய ஆள் போய்விட்டான், பாவம் என்று நினைத்தாள். நெஞ்சு கொஞ்சம் ஆறியது. எங்கே போயிருப்பான் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை இரவு 7.40க்கு ஊரிலிருந்து அம்மா எடுத்தார். இரைச்சலான லைன்.

"அப்பா எப்பிடியம்மா?"

"இருக்கிறார் பிள்ளை. கதைக்கிறார்."

"கதைக்கிறாரோ?" அவளுக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்தது. "பேச்சு வந்திட்டுதோ?"

"எங்களோடை இல்லை. அந்தப் பொடியனோடைதான் கதைக்கிறார்."

"எந்தப் பொடியன்?"

"உன்ரை ஒபிஸ் பொடியன். நீ ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. பிளேனிலை எனக்குப் பக்கத்திலைதான் இருந்தவன். வீடு மட்டும் பின்னாலை வந்தான். பிறகு மூண்டு நாளா வாசல் படலையடியிலை நிண்டவன். தன்ரை ஊருக்குப் போக விடமாட்டினமாம்."

அவள் போனை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா..."

"கால் ஒண்டிலை செருப்பில்லை, பிள்ளை. பாக்கப் பாவமாக் கிடந்திது. உள்ளை வா தம்பி எண்டு கூப்பிட்டு, அப்பாவின்ரை கட்டிலடியிலை கதிரை போட்டுக் குடுத்தனான். வெள்ளிக்கிழமை தாங்கள் ரெண்டு பேரும் போகப்போகினமாம். எங்கையெண்டு கேட்டா சிரிக்கினம்."

நாளை வெள்ளிக்கிழமை.

"அம்மா... அவரை..."

லைன் இரைந்தது. அம்மாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

"ஏன் பிள்ளை, உள்ளை விட்டிருக்கக் கூடாதோ?"